இடது முன்சக்கரம்

பிப்ரவரி 6

மணல்மேடுகளின் மகாராணியும், நாலு சக்கரத்தின் நாயகியும், என் அக்கா பெற்ற ஒரே மகளுமாகிய மருமகளுக்கு, மூக்குக்கண்ணாடிக் கடை மாமன் எழுதிக்கொள்வது.

இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். கடையில் இருக்கும் அத்தனை கண்ணாடிகளின் மேலும் அடித்துச் சத்தியம் செய்கிறேன். நம்பியே தீருவேன் என்று நீ அடம்பிடித்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். அதற்கு மாமன் பொறுப்பல்ல.

போன கடிதத்தில் என்ன எழுதியிருந்தாய்? சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மணல்மேட்டில் ஏறி இறங்குவது ஒரு பொழுது, திரும்பி வந்து வண்டிக்குள் புகுந்த மணலை எடுப்பது ஒரு ஜென்மம் என்று. நீயும் உன் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு வண்டி ஓட்டுகிறீர்கள், சாயங்காலம் ஷெட்டில் இரண்டு வண்டியையும் நீதான் துடைத்து, ஊதி, கிரீஸ் வைக்கிறாய். எல்லாம் சரி. ஆனால் மணலைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறாயே, கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா?

கேள். எனக்கு மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வயது. சிநேகிதன் வீட்டு வேனை இரவல் கேட்டேன். "ஓட்டத் தெரியுமாடா?" என்றான். "நான் உக்காந்தாலே வண்டி நகரும்டா" என்றேன். உன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டேன். நான் தனியாக மாட்டினால் வீட்டில் முழு அடி. அக்காவும் கூட இருந்தால் அடி பாதிப் பாதி. அவ்வளவுதான் என் பாசம்.

கடற்கரை மணலில் இறக்கினேன். புதைந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இன்னும் புதைந்தது. விடுவேனா? மிதித்த மிதியில் வண்டி பெருச்சாளி மாதிரி தோண்டிக்கொண்டே போய், பூமிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் "யாருங்க அது, கூரையைத் தட்டறது?" என்று கேட்கிற ஆழத்துக்குப் போய்விட்டது. ஊரே திரண்டு வந்து கயிறு கட்டி இழுத்தது. ஊர்தான் உள்ளே வந்தது. கடைசியில் ஒரு கப்பலைக் கூப்பிட்டுக் கட்டி இழுத்தோம். கப்பல் கரையேறிவிட்டது, வேன் அசையவில்லை.

அதுவரை பின்சீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா, "முடிஞ்சுதா உன் வீரம்? தள்ளி உக்காரு" என்றாள். கொண்டை ஊசியை உருவினாள். நாலு டயரின் வால்விலும் குத்திப் புஸ்ஸென்று காற்றை இறக்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தாள் பார், வெண்ணெயிலிருந்து முடியை எடுத்த மாதிரி வேன் வெளியே வந்து, அந்தக் கப்பலையும் தாண்டிக் குதித்தது!

யார்? மாடிப்படி இறங்க இரண்டு கையாலும் கம்பியைப் பிடிப்பாளே, ஆட்டோவில் ஏறினால் இறங்கும் வரை கண்ணை மூடிக்கொள்வாளே, அவள்தான்.

நீ வண்டி ஓட்டப் போனதிலிருந்தும், அங்கேயே ஒரு டிரைவரைக் கட்டிக்கொண்டதிலிருந்தும் அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்காகவே தினமும் என் அறைக்கு இரண்டு நடை வருகிறாள்.

உங்கள் ஷெட்டில் போனுக்கு சிக்னல் கிடைக்காதது நல்லதுதான். போனில் பொய் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். காகிதம் விசுவாசமானது.

பதில் போடு.

மாமன்


பிப்ரவரி 27

மகாராணியின் சமூகத்துக்கு,

என் கடிதத்துக்குப் பதில் வராததால் இங்கே ஏற்பட்டிருக்கும் சேதங்களை அறிவிக்கிறேன். தபால்காரர் என் தெருவை விட்டே வேறு தெருவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்துப் பார்த்து என் கழுத்து ஒட்டகத்துக்குச் சவால் விடுகிறது. நேற்று ஒருவருக்கு இடது கண்ணுக்கான கண்ணாடியை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டுக்குப் போகாமல் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டாராம்.

கதை பிடிக்கவில்லையா? கப்பல் அதிகமோ? வேண்டுமானால் படகாகக் குறைத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே இறங்க என் கௌரவம் இடம் கொடுக்காது.

கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுது. தண்ணி லாரிக்காரரிடம் கொடுத்தால் தபாலில் சேர்த்துவிடுவார் என்று நீதானே சொன்னாய்?

உன் அம்மா நேற்று வந்து, என் மேஜையில் இருந்த பில்லுக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தபால் எதுவும் வரலியா உனக்கு?" என்றாள். "எனக்கா?" என்றேன். "உனக்குத்தான்" என்றாள். ஆகவே எனக்கு எழுது.

மாமன்


மார்ச் 8

மாமா,

இரண்டு கடிதங்களும் வந்தன.

உங்கள் முதல் கடிதம் வந்ததற்கு மறுநாள் காலை அவர் வண்டி கவிழ்ந்துவிட்டது. மேட்டின் உச்சியிலிருந்து இறங்கும்போது. வண்டியில் வேறு யாரும் இல்லை. பாதை பார்க்கத் தனியாக முன்னால் போனார். நான் பின்னால் சுற்றுலாக்காரர்களோடு வந்துகொண்டிருந்தேன். இந்தப் பக்கம் ஏறி உச்சிக்கு வந்தபோது வண்டி கீழே தலைகீழாகக் கிடந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

இடுப்பெலும்பும் இடது தொடையும் உடைந்திருக்கின்றன. உயிருக்கு ஒன்றும் இல்லை. நடப்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்கிறார் டாக்டர்.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். வண்டி ஓட்டுவதில்லை. ஷெட் வேலை மட்டும் செய்கிறேன். சாயங்காலம் கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். கதை எதுவும் எழுத வேண்டாம்.

உங்கள் அக்கா மகள்


மார்ச் 15

மருமகளே,

கதை கூடாது என்று உத்தரவு. ஏற்றுக்கொண்டேன். நாக்கைச் சுருட்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கைதான் எழுதுகிறது. கைக்கு அவ்வளவாகப் பொய் வராது.

நான் புறப்பட்டு வரட்டுமா? உனக்கு உதவியாக இருப்பேன் என்று சொல்லமாட்டேன். யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் மாப்பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரை அறுத்துத் தள்ள ஒரு ஆள் வேண்டாமா? என் தொல்லை தாங்காமலே எழுந்து நடந்துவிடுவார்.

அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கடிதம் வந்ததை அவள் பார்த்துவிட்டாள். நான் ஒரு வேடிக்கையும் பேசாமல் சாப்பிட்டு எழுந்ததையும் பார்த்துவிட்டாள். "காய்ச்சலா?" என்றாள். "ஆமாம்" என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இல்லையே" என்றாள். அதோடு விட்டாள். அவள் இப்படி விடுவதுதான் எனக்குப் பயம்.

அது கிடக்கட்டும். ஒரு சந்தேகம். இந்த மணலை எடுக்கிற வேலை, வேலை என்கிறாயே, அதில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு துடைப்பத்தால் நாலு தட்டு தட்டி, ஒரு வாளித் தண்ணீரை வீசினால் வண்டி பளபளவென்று ஆகிவிடாதா? இதற்கு ஒரு ஷெட், ஒரு ஃபோர்மேன், உனக்குச் சம்பளம். ஊரை ஏய்க்கிற வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தப்பு என்றால் சொல்.

மாமன்


மார்ச் 26

மாமா,

வர வேண்டாம். தங்க இடமில்லை.

துடைப்பத்தால் தட்டினால் போகாது. தண்ணீரை வீசினால் இன்னும் மோசம். நனைந்த மணல் சேறாகி மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், காய்ந்தால் சிமென்ட் மாதிரி ஆகிவிடும்.

வண்டி உள்ளே வந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தமாட்டோம். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுச் சூட்டை இறக்குவோம். மணலுக்காக டயரில் குறைத்த காற்றை மறுபடி ஏற்றுவோம். ஏற்றாமல் தார் ரோட்டில் போனால் டயர் சூடாகிக் கிழியும். பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் மெதுவாகத் தட்டி, உள்ளேயிருந்து வெளியே காற்றடிப்போம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வெளியேயிருந்து உள்ளே அடிப்பார்கள். மணல் இன்னும் ஆழமாகப் போய்விடும். ரேடியேட்டருக்கும் அப்படித்தான், வந்த வழியாகவே மணலைத் திருப்பி அனுப்ப வேண்டும். அடியில் ஓடும் ஷாஃப்டின் மூட்டுகளில் புது கிரீஸை ஏற்றிக்கொண்டே இருந்தால் பழையது மணலோடு பிதுங்கி வரும். சுத்தமான கிரீஸ் வருகிற வரைக்கும் ஏற்ற வேண்டும். அடித்தகட்டைக் கழற்றினால் குறைந்தது ஒரு வாளி மணல் கொட்டும்.

கடைசியில் பிரேக். நாலு சக்கரத்தையும் கழற்ற வேண்டும். பிரேக் கட்டை சக்கரத்தை அழுத்திப் பிடிப்பதற்கும் விடுவதற்கும் ஒரு இரும்புக் கம்பியின் மேல், அதைப் பின் என்போம், முன்னும் பின்னும் நகரும். அந்தப் பின்னை உருவித் துடைத்து, வெள்ளை கிரீஸ் ஒரு பூச்சு பூசித் திரும்பப் போட வேண்டும். மணல் ஏறினால் பின் இறுகிவிடும். ஒரு சக்கரம் மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

எல்லாம் முடித்த பிறகும் மறுநாள் கதவைத் திறந்தால் எங்கேயாவது இருந்து கொஞ்சம் மணல் விழும். எங்கேயிருந்து என்று தெரியாது.

அவர் வண்டி ஷெட்டின் கடைசியில் நிற்கிறது. மேல்பாகம் நசுங்கிவிட்டது. பழைய இரும்புக்கு எடுக்கிறவர் அடுத்த மாதக் கடைசியில் வருகிறார். அதற்கு முன்னால் பிரித்து, ஆகிற சாமான்களை எடுத்து வைக்கச் சொல்கிறார் ஃபோர்மேன். "நீ பாக்கறியா, வேற ஆளைப் போடட்டுமா?" என்று கேட்டார். நான் பார்க்கிறேன் என்றேன். இன்னும் பார்க்கவில்லை.

அக்கா மகள்


ஏப்ரல் 4

மருமகளே,

துடைப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இவ்வளவு நீளமாக நீ எனக்கு எழுதியதே இல்லை. துடைப்பம் என்று சொன்னதற்கே இவ்வளவு என்றால், அடுத்து ரேடியேட்டரில் மீன் வளர்க்கலாமா என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.

கடைக்கு ஒரு தையல்காரர் வருவார். பெரியவர். அவருக்குக் கண்ணாடி தயாராகி ஒரு யுகம் ஆகிவிட்டது, வாங்கிக்கொள்ளவே இல்லை. நேற்று அவரை வழிமறித்தேன்.

"என்னண்ணே, கண்ணாடி உங்களைப் பாக்கணும்னு அழுவுது."

"இருக்கட்டும் தம்பி. அவசரமில்ல."

"ஊசியில நூல் எப்படிக் கோக்கறீங்க?"

"குத்துமதிப்பாதான்."

"ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்."

"போட்டா, இத்தனை நாளா தெச்சதெல்லாம் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுடுமே."

அவரிடம் தைத்துக்கொண்ட பாதி ஊர் ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமாகத்தான் அலைகிறது. கல்யாண மாப்பிள்ளை ஒருவர் சட்டைக்குள் போன வழி தெரியாமல் முகூர்த்தத்தைத் தவறவிட்டார். இப்படி எழுதிக்கொண்டு போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். பிறகு உன் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். "இன்னும் பார்க்கவில்லை" என்று முடித்திருக்கிறாய்.

ஏன் பார்க்கவில்லை?

நீ வேலையைத் தள்ளிப்போடுகிறவள் இல்லை. சின்ன வயதிலேயே பிடிக்காத காயைத்தான் முதலில் தின்று முடிப்பாய். எனக்கு வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் கண்ணாடி வாங்காமல் போகிறவர்களைத் தெரியும்.

சொல்ல இஷ்டமில்லை என்றால் விட்டுவிடு. ரேடியேட்டரில் மீனைப் பற்றி எழுது.

மாமன்


ஏப்ரல் 13

மாமா,

வண்டி கவிழ்ந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் வண்டிக்கு நான்தான் பிரேக் பார்த்தேன். வலது பின்சக்கரம், இடது பின்சக்கரம், வலது முன்சக்கரம். வலது முன்சக்கரத்தின் ஒரு நட்டு லேசாக முரண்டு பிடித்தது. அதுகூட நினைவிருக்கிறது.

இடது முன்சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தேன். அப்போது தண்ணி லாரி வந்தது. காவலாளி வாசலிலிருந்து "உங்க மாமா லெட்டர்!" என்று கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே நின்று படித்தேன். கப்பல் கரையேறிய இடத்தில் சிரித்தேன். அம்மா கொண்டை ஊசியை உருவுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். காவலாளி என்ன என்ன என்று கேட்டார். அவருக்கும் படித்துக் காட்டினேன்.

அதற்குப் பிறகு திரும்பிப் போனேன். வண்டியில் நாலு சக்கரமும் மாட்டியிருந்தது. ஜாக்கியை எடுத்து வைத்தேன். கையைக் கழுவினேன்.

இடது முன்சக்கரத்தை நான் எப்போது மாட்டினேன் என்பது நினைவில்லை. பின்னைத் துடைத்தேனா, கிரீஸ் பூசினேனா, எதுவும் நினைவில்லை. மூன்று சக்கரம் இருக்கிறது. நாலாவது இருக்கிற இடத்தில் உங்கள் கடிதம் இருக்கிறது.

இறக்கத்தில் வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு திரும்பியதாக, கீழே வேறு வண்டிகளோடு நின்றிருந்தவர்கள் சொல்கிறார்கள். அவரைக் கேட்டேன். கவிழ்ந்தது ஞாபகம் இல்லை என்கிறார்.

பின்னை உருவினால் தெரிந்துவிடும். கிரீஸ் இருந்தால் செய்திருக்கிறேன். காய்ந்து மணலாக இருந்தால் செய்யவில்லை. ஒரு ஸ்பேனர் போதும். தினமும் அந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்த வண்டி வரைக்கும் போகிறேன். பிறகு வேறு வண்டியைப் பார்க்கிறேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. என் மேலும் இல்லை. கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். வரவில்லை. அவரைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது அவர் கத்துகிறார். எனக்கு ரொம்ப தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது.

அக்கா மகள்


ஏப்ரல் 20

மருமகளே,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு இது புதிது.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன்னால் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். நீ எந்த இடத்தில் சிரிப்பாய் என்று கணக்குப் போட்டேன். கொண்டை ஊசியில்தான் என்று முடிவு கட்டினேன். சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.

பழி என்று ஒன்று வந்தால் அதில் பெரிய பங்கு எனக்கு. வயதில் பெரியவனுக்குப் பெரிய பங்கு, அதுதான் முறை. இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. வேடிக்கை மாதிரி வந்துவிட்டது, என் எழுத்துக்கு வேறு மாதிரி வரத் தெரியவில்லை.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். நீ திட்டினால் திட்டு. அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். பிறகு, "இரும்புக்காரன் எப்ப வர்றானாம்?" என்றாள். மாதக் கடைசி என்றேன்.

"அதுக்குள்ள பிரிச்சுப் பாக்கச் சொல்லு."

"தப்பு இவ மேலன்னு ஆயிட்டா?"

"ஆனா ஆவுது. ஒரு தப்புன்னா ஒரு தப்போட போவும். தெரியாமப் போச்சுன்னா தினம் ஒண்ணு பண்ணுன மாதிரி இருக்கும் அவளுக்கு."

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லைக்கூட நீட்டவில்லை.

மாமன்


மே 2

மாமா,

இரும்புக்காரர் வருவதற்கு முதல் நாள் பிரித்தேன்.

மற்ற மூன்று சக்கரத்தையும் முதலில் கழற்றினேன். மூன்று பின்னிலும் வெள்ளை கிரீஸ் இருந்தது. நான் பூசுகிற மாதிரி மெல்லிசாக.

இடது முன்சக்கரத்தைக் கழற்றினேன். பின் வரவில்லை. இழுத்தேன், வரவில்லை. சுத்தியலால் தட்டிப் பார்த்து, கடைசியில் நெம்பி எடுத்தேன். பின் முழுவதும் கிரீஸ். காய்ந்திருக்கவில்லை. ஆனால் வெள்ளை கிரீஸ் இல்லை. கறுப்பு. அடி ஷாஃப்டுக்கு ஏற்றுகிறது. பின் போகிற துளை நிறைய அடைத்திருந்தது. அந்தத் துளையை அப்படி அடைக்கக் கூடாது மாமா. அடைத்தால் பின் உள்ளே போய்வர இடம் இருக்காது. கட்டை விலகாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். ஷெட்டில் இருக்கிறவர்கள் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். ஓட்டுகிறவர்கள் செய்வார்கள்.

ஃபோர்மேனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இது ஒண்ணுக்கே வண்டி கவுந்துடாதும்மா. அன்னிக்குக் காத்துல மேடே வேற மாதிரி இருந்துச்சு" என்றார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கறுப்பு கிரீஸ்" என்றேன்.

போர்வையின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "வெள்ளை டப்பாவைத் தேடுனேன். கெடைக்கல" என்றார்.

"எப்பப் பண்ணீங்க?"

"நீ லெட்டர் படிச்சிட்டு இருந்தப்ப."

"கூப்பிட்டிருக்கலாமே."

"சிரிச்சிட்டு இருந்த. எத்தனை நாளாச்சு நீ சிரிச்சு. கூப்பிட மனசு வரல. நாமளே மாட்டிடலாம்னு மாட்டிட்டேன்."

"ஞாபகம் இல்லன்னு சொன்னீங்க."

"கவுந்ததைத்தானே கேட்ட. அது ஞாபகம் இல்லதான்."

"நெறைய அடைச்சிட்டீங்க."

"பத்தாமப் போயிடக் கூடாதேன்னு" என்றார்.

நர்ஸ் வந்தார். அவரைத் திருப்பிப் படுக்கவைத்தோம். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். கத்தினார். இந்தத் தடவை பக்கத்திலேயே கேட்டது.

வெள்ளை டப்பா அன்றைக்கு என் மேல்கோட்டுப் பையில் இருந்தது. கடிதம் வாங்கப் போனபோது அதோடேயே போயிருக்கிறேன்.

அழுகை வரும் என்று நினைத்து வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். பசித்தது. கேன்டீனில் சாப்பிட்டேன். திரும்ப வந்து அவருக்குத் தலை வாரிவிட்டேன். தலையிலிருந்து இன்னும் மணல் விழுகிறது. எத்தனையோ தடவை அலசியாயிற்று.

வண்டியை மறுநாள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கதையில் அம்மா டயரில் காற்றை இறக்கினாள் என்று எழுதியிருந்தீர்கள். மணலில் மாட்டினால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். உங்களுக்கு அது தெரிந்திருக்காது. அவ்வளவு பொய்க்கு நடுவில் அந்த ஒன்று மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் பொய்தான் என்றால் பொய் என்றே சொல்லுங்கள். பரவாயில்லை. அன்றைக்கு நான் எதற்குச் சிரித்தேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா மகள்


மே 10

மணல்மேடுகளின் மகாராணிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தபோது வானத்தில் இடி முழங்கி, கடையில் இருந்த கண்ணாடிகள் அத்தனையும் தாமாகவே கழன்று என்னைத் திரும்பிப் பார்த்தன என்று ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. மணலில் மாட்டின மாதிரி அப்படியே நிற்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது என்று உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன். விட்டுவிடுகிறேன்.

உன் கடிதத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டேன். என் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, அது அவளுக்குச் சேராது என்றாலும், தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, கடைசி வரை படித்தாள். "பத்தாமப் போயிடக் கூடாதேன்னு" என்பதை மட்டும் வாய்விட்டுப் படித்தாள். கடிதத்தை மடித்தாள். என்னிடம் தரவில்லை. உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

சாப்பிடும்போது, "மாப்பிள்ளைக்குத் தாடையெல்லாம் சரியாத்தானே இருக்கு? மெல்ல முடியுதாமா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை என்றாள். "முடியும்" என்றேன். எனக்கென்ன தெரியும். நீ எழுது.

பிறகு நான் கேட்டேன்: "அவ அந்தக் கதையைக் கேக்கறா. சொல்லட்டுமா?"

"எதை?"

"கொண்டை ஊசியை."

"இத்தனை வருஷமா வாயை மூடிட்டு இருந்தவனுக்கு இப்ப என்ன வந்துச்சு?"

"எங்க மூடுனேன்? கப்பலோட சேத்து எழுதிட்டேனே."

"கப்பல் வேறயா?" என்றாள். "சொல்லித் தொலை."

ஆகவே சொல்லித் தொலைக்கிறேன்.

பூமிக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் பொய். ஊர் திரண்டது பொய். கடற்கரையில் நாங்கள் இரண்டு பேர்தான், பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கப்பல் பொய். படகும் பொய். நான் உட்கார்ந்தாலே வண்டி நகரும் என்றது பெரும் பொய். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அதை உன்னிடம் எழுதவில்லை.

டயர்களில் காற்றை இறக்கியது உன் அம்மா. கொண்டை ஊசியால்தான். யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நேற்றுகூடக் கேட்டேன், "அழுத்திப் பாத்தா தெரியாதா?" என்கிறாள். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து வண்டியை வெளியே எடுத்ததும் அவள்தான். ரோடு வந்ததும் இறங்கிப் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து, "தம்பிதான் எடுத்தான்" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அவ்வளவு மட்டும் நிஜம்.

மாமன்